பொன்னாரின் அசையாத வாக்கு

நாகர்கோவில் வடசேரி கிறிஸ்டோபர் பேருந்து நிலையத்திலிருந்து மார்த்தாண்டம் போகிறவர்கள் பார்வதிபுரத்தில் ஒன்று, மார்த்தாண்டத்தில் ஒன்று என இரண்டு மேம்பாலங்களைப் பார்க்கலாம். இரண்டும் பாஜகவின் பொன்னார் என்கிற பொன். இராதாகிருஷ்ணன் மத்திய இணை அமைச்சராக இருந்த காலத்தில் எழுந்தவை. 2019 மார்ச் 1 அன்று பிரதமர் மோடி கன்னியாகுமரிக்கு வந்து முறைப்படி அவற்றைத் திறந்துவைத்தார். அடுத்த மே மாதம், கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் காங்கிரஸின் எச். வசந்தகுமாரிடம் 2,59,933 வாக்குகள் வித்தியாசத்தில் பொன்னார் தோற்றுப்போனார்.

வேலை செய்தவரை மக்கள் கைவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. மோடி ஆட்சிமீதான கோபம் அவரைச் சாய்த்தது என்பது மறு கட்சி. வாக்குக் கணக்கு இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை.

2014-ல் அவர் வென்றபோது வாங்கியது 3,72,906 வாக்குகள். 2019-ல் தோற்றபோது வாங்கியது 3,67,302. குறைந்தது ஐயாயிரத்துச் சொச்சம்தான். மாறியது எதிரணி. 2014-ல் காங்கிரஸ், அதிமுக, திமுக, மார்க்சிஸ்ட் என்று ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். 2019-ல் காங்கிரஸும் திமுகவும் இடதுசாரிகளும் ஒன்றுசேர்ந்தார்கள்.

இது இந்தத் தொகுதிக்குப் பழக்கமான கதை. 1999-ல் திமுக துணையோடு, அப்போதைய நாகர்கோவில் தொகுதியில் வென்ற பொன்னார், வாஜ்பாய் அமைச்சரவையில் இணை அமைச்சரானார். 2004-ல் திமுக அணி மாறியது. மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின் வென்றார். 2009-ல் திமுகவின் ஹெலன் டேவிட்சன்.

ஆனால் எல்லாப் பழியையும் கூட்டணிமேல் போட்டுவிட முடியாது. 2014-ல் தனித்து நின்று 1.76 லட்சம் வாக்கு வாங்கிய அதிமுக, 2019-ல் பொன்னார் பக்கம் இருந்தது. அப்படியும் அவர் கணக்கில் ஒரு வாக்குகூடக் கூடவில்லை. ஐந்து ஆண்டு அமைச்சர் பதவி, சாலை, பாலம், கூடுதலாக ஒரு பெரிய கட்சி. இத்தனை இருந்தும் புதிதாக யாரும் வந்து சேரவில்லை என்பதுதான் அவருடைய அரசியலின் ஆழமான தோல்வி.

காரணத்தைக் கடற்கரையில் தேட வேண்டும். இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த 1982 மண்டைக்காடு கலவரத்தின் வடு இன்னும் முழுதாக ஆறாத மாவட்டம் இது. இங்கே கத்தோலிக்க மீனவர்களின் நம்பிக்கையைப் பெற, இந்து முன்னணியிலிருந்து வளர்ந்த ஒரு தலைவர் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உழைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. கப்பல் துறை இணை அமைச்சராக அவர் முன்னின்று கொண்டுவந்த இனயம் சரக்குப் பெட்டக மாற்று முனையத்துக்கு 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. கடலோர ஊர்கள் கொதித்தன. திட்டம் கோவளம்–மணக்குடிப் பக்கம் நகர்ந்தது. எதிர்ப்பும் கூடவே நகர்ந்தது. நடுவே 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் மீனவர்களை வாரிக்கொண்டு போனது. துறைமுகம் கடைசிவரை வரவில்லை. கசப்பு மட்டும் தங்கிவிட்டது.

வசந்தகுமார் மறைவால் 2021-ல் வந்த இடைத்தேர்தலில் பொன்னாருக்கு 4.38 லட்சம் வாக்குகள் கிடைத்தன. அப்போதும் வசந்தகுமாரின் மகன் விஜய் வசந்த் வென்றார். 2024-ல் அதிமுக தனியே போனதும் பொன்னார் வாங்கியது 3,66,341. பத்தாண்டு இடைவெளியில் நடந்த மூன்று பொதுத் தேர்தல்களிலும் கிட்டத்தட்ட ஒரே எண்.

அடுத்து இங்கே பாஜக யாரை நிறுத்தினாலும், அவர் முதலில் போக வேண்டியது நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள மீனவ ஊர்களுக்கு. தங்கள் சம்மதம் இல்லாமல் ஏன் துறைமுகம் கொண்டுவரப் பார்த்தீர்கள் என்ற கேள்விக்கு அங்கே அவர் நேருக்கு நேர் பதில் சொல்லியாக வேண்டும்.