டம்மி

எம்.ஏ. பொருளாதாரம், முதல் வருஷம். கரும்பலகையில் ஒரு சமன்பாடு. இடப்பக்கம் கூலி. வலப்பக்கம் வயது, படிப்பு, அனுபவம், கடைசியில் சாதி. “எஸ்.சி.ன்னா ஒண்ணு போடு, இல்லேன்னா சைபர். இதுக்குப் பேரு டம்மி” என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது. எங்க சேரி முழுக்க அந்த ஒண்ணுக்குள்ள குந்தியிருந்தது. இந்தக் கணக்கு நமக்கானதில்லை என்று அன்றைக்கே விலகிக்கொண்டேன். அது என் தப்பு.

ஆய்வுப் படிப்புக்குப் போகும் நம் தோழர்கள் பலர் பொருளாதார அளவியல் என்றதும் ஒதுங்கிவிடுகிறார்கள். எண்ணுக்குள்ள நம்ம வலி அடங்குமா என்கிறார்கள். அடங்காதுதான். ஆனால் நாம் ஒதுங்கினால் நம் கூலியை வேறு யாரோ கணக்குப் போடுகிறார்கள்.

எப்படிப் போடுகிறார்கள்? 1973இல் ரொனால்ட் வஹாகா, ஆலன் பிளைண்டர் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் தனித்தனியே ஒரு முறையை எழுதினார்கள். இரு தரப்பின் கூலி வித்தியாசத்தை அது இரண்டாகப் பிரிக்கும். படிப்பு, அனுபவம் குறைவாக இருப்பதால் வந்தது ஒரு பங்கு. அதே படிப்பு, அதே அனுபவம் இருந்தும் குறைவது இன்னொரு பங்கு. இரண்டாவதைத்தான் பாகுபாடு என்று எழுதுவது வழக்கம். முதலாவது ‘தகுதி’க் கணக்கில் போய்விடும். பள்ளிக்கூடத்தில் தனியாகக் குந்தவைத்து, பாதியில் ஓடவைத்தது யார்? சமன்பாடு கேட்காது.

சிலர் தொழிலையும் வலப்பக்கம் சேர்த்துவிடுவார்கள். சேர்த்ததும் சாதியின் எண் பெரும்பாலும் சுருங்கும். ஏன்? சாக்கடைக்குள் இறங்குபவரை இறங்குபவரோடும், மேலாளரை மேலாளரோடும் ஒப்பிடுகிறோம். சாக்கடைக்குள் யாரை இறக்குவது என்று தீர்மானித்ததே சாதிதானே! அதைக் கழித்துவிட்டு மிச்சத்தில் சாதியைத் தேடினால் எங்கே கிடைக்கும்? இந்தப் பிசகு, சமன்பாடு போடத் தெரிந்தவருக்குத்தான் பிடிபடும். வெளியே நின்று கோபப்பட்டால் “உணர்ச்சிவசப்படுறாங்க” என்று முடித்துவிடுவார்கள்.

கணக்கைத் திருப்பிக் கேள்வியாக்கியவர்களும் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் இருவரும் 2007இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி, வேறு வேறு பெயர் என்று விண்ணப்பங்கள் போயின. நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம், உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. ‘தனியாரில் தகுதிதான், சாதி இல்லை’ என்ற பேச்சுக்கு நூறு மேடை முழக்கம் செய்யாததை இந்த விகிதம் செய்கிறது.

அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்தவர்; 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றி நூல் எழுதியவர். மாலை போடுகிற நாளில் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

தோழர்களே, தேசிய மாதிரி ஆய்வின் தரவு இன்று இலவசமாகக் கிடைக்கிறது. ‘ஆர்’ மென்பொருளுக்கும் காசு வேண்டாம். தடையாக நிற்பது பயமும் இங்கிலீஷும்தான். கற்றவர்கள் தமிழில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து பக்கம் ஒதுக்குகிறோம். நானும் விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.