முறுகல் தோசையும் மூன்று மாத சுகர் கணக்கும்

நாளைக்கு சுகர் டெஸ்ட் என்றால் இரண்டு நாளாக ஸ்வீட் பக்கமே திரும்பாமல், சாதத்தையும் பாதியாகக் குறைத்துக்கொண்டு, சமர்த்தாக லேபுக்குப் போகிறவர்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு. வெறும் வயிற்றில் எடுக்கும் டெஸ்ட்டை இப்படி ஓரளவு ஏமாற்றலாம். ஆனால், ஹெச்பிஏ1சி டெஸ்ட்டிடம் இந்தப் பாச்சா பலிக்காது. கடந்த இரண்டு, மூன்று மாதக் கணக்கை அது அப்படியே சொல்லிவிடும்.

ரத்தத்துக்கு எப்படி இவ்வளவு ஞாபகசக்தி? பதில், நம் தோசைக்கல்லில் இருக்கிறது.

கொக்கிகளின் கதை

நம் உடலில் இருக்கும் முக்கிய மூலக்கூறுகளை நான்கு குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள்: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, டி.என்.ஏ போன்ற நியூக்ளிக் அமிலங்கள். நான்குக்கும் எலும்புக்கூடு கார்பன்தான். அதில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன அணுக்கூட்டங்கள்தான் எது எதோடு சேரும் என்பதை முடிவு செய்கின்றன. ப்ளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தில் இதற்குப் பெயர் 'வினைச்செயல் தொகுதி'. ரயில் பெட்டியின் கொக்கி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன சரக்கு இருந்தாலும், கொக்கி பொருந்தினால் பெட்டிகள் இணைந்துவிடும்.

குளுக்கோஸில் ஐந்து ஹைட்ராக்சில் கொக்கிகள் உண்டு. சர்க்கரை தண்ணீரில் சட்டென்று கரைவது இவற்றால்தான். கூடவே ஓர் ஆல்டிஹைடு கொக்கியும் உண்டு. புரதத்தின் பக்கம் இருப்பது அமினோ கொக்கி. ஆல்டிஹைடும் அமினோவும் சந்தித்தால் கைகோத்துக்கொள்ளும்.

அடுப்புச் சூட்டில் இது வேகமாக நடக்கும். இந்த வினையை 1912-ல் விளக்கியவர், பிரான்ஸைச் சேர்ந்த லூயி கமில் மெயார். தோசை சிவந்து மணப்பதும், பால் சுண்டி பால்கோவா நிறம் மாறுவதும் பெரும்பாலும் இந்த வினையால்தான்.

உடலுக்குள் நடப்பது

நம் உடலில் அடுப்பு இல்லை, 37 டிகிரிதான். தவிர, குளுக்கோஸ் பெரும்பாலான நேரம் வளையமாகச் சுருண்டு, தன் ஆல்டிஹைடு கொக்கியை மறைத்துக்கொண்டே இருக்கும். அதனால் அதே வினை இங்கே மிக மிக மெதுவாக நடக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடக் கூட, ஒட்டுவதும் கூடுகிறது.

ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். அதில் ஒருமுறை சர்க்கரை உறுதியாக ஒட்டிவிட்டால், அந்த அணு சாகும்வரை போகாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால்தான் மூன்று மாதக் கணக்கு அதில் பதிந்திருக்கிறது. சர்க்கரை நோயாளிகளிடம் இப்படி மாறிய ஹீமோகுளோபின் அதிகம் இருப்பதை 1968-ல் எடுத்துச் சொன்னவர், ஈரானைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் ரஹ்பர்.

ரிப்போர்ட்டில் 7 என்று இருந்தால், ஹீமோகுளோபினில் 100-க்கு 7 சர்க்கரை ஒட்டியவை என்று பொருள். 5.7-க்குக் கீழே என்றால் நார்மல். 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை மணி. 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.

சிவப்பணுவாவது செத்துப் புதிதாகப் பிறக்கிறது. கண் லென்ஸில் உள்ள புரதம் அப்படியல்ல. பிறந்ததிலிருந்து இருப்பதுதான் கடைசிவரை. ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள கொலாஜன் பல ஆண்டுகள் மாறாமல் இருக்கும். அங்கெல்லாம் சர்க்கரை ஒட்டி ஒட்டி, புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்கிவிடுகிறது. கட்டுப்படாத சர்க்கரை வருடக்கணக்கில் கண்ணையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்க இதுவும் ஒரு காரணம். வலி இல்லாமல் நடப்பதால் நாம் கவனிப்பதில்லை.

கவனத்தில் வைக்க...

* ஹெச்பிஏ1சி எடுக்க வெறும் வயிறு தேவையில்லை. ஒருநாள் கல்யாண விருந்தால் இது எகிறிவிடாது. ஒருநாள் பட்டினியால் இறங்கியும்விடாது.

* ரத்தசோகை இருந்தாலோ, சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, இந்த எண் சரியான நிலையைக் காட்டாமல் போகலாம். டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்த நல்ல எண்ணே மாத்திரையின் தயவாக இருக்கலாம்.

சரி, முறுகல் தோசை சாப்பிட்டால் ஹெச்பிஏ1சி ஏறுமா? முறுகலால் ஏறாது. எத்தனை தோசை என்பதுதான் கேள்வி!

வீட்டில் ப்ளஸ் ஒன் படிக்கும் பேரனோ பேத்தியோ இருந்தால், தாத்தாவின் அடுத்த ரிப்போர்ட்டை அவர்கள் கையில் கொடுத்து விளக்கச் சொல்லுங்கள். பாடமும் மனதில் நிற்கும். பேத்தி சொன்னால் தாத்தாவும் கேட்பார்.