நூல் பிடித்த மாதிரி ஓட வேண்டாமா?

காரைத் தாழ்த்துவது பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "இவருக்கு எதற்கு இந்த வேலை? இவர் ஓட்டுவதே சாதாரணக் குடும்பக் கார்" என்று சிலர் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் நம்ம வீட்டுப் பையன்கள் பலர், கையில் நாலு காசு சேர்ந்ததும் ஒரு பழைய காரை வாங்கி, முதல் வேலையாக அதைத் தரையோடு தரையாக இறக்கிவிடுகிறார்கள். அதே காரில்தான் மே மாதம் அம்மா, பாட்டி, தங்கை, இரண்டு சூட்கேஸ், ஒரு மூட்டை சாமானோடு திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் கிளம்புகிறார்கள். ஆகவே இது ரேஸ் ஓட்டுகிறவர்களின் விஷயம் மட்டுமில்லை. நம் வீட்டு விஷயம்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போகும் காரைத் தாழ்த்தாதீர்கள். தாழ்த்தியே தீருவேன் என்றால் ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். எப்படித் தாழ்த்தினாலும், நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் பார்த்து அந்த அளவுத் தாளைக் கையில் வாங்காமல் நெடுஞ்சாலை ஏறாதீர்கள்.

ஆசையில் நியாயம் இருக்கிறது

"பார்க்க கெத்தாக இருக்கும்" என்பது மட்டும் காரணமில்லை. வளைவில் திரும்பும்போது காரின் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குத் தாவுகிறது. எவ்வளவு தாவும் என்பது புவியீர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது தாழ்ந்தால் தாவும் எடை குறையும், நான்கு டயரும் சேர்ந்து பிடிக்கும். ரேஸ் கார்கள் தரையை ஒட்டிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கு ஒரு காரைத் தாழ்த்தினால் அதில் அர்த்தம் உண்டு.

ஆனால் 2005-ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம்தான் கோயம்புத்தூர்க்காரர் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். நம்ம பையன்கள் பலருக்குக் கார்ப் பைத்தியம் பிடித்ததே அப்போதுதான். அதே வருஷம் ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நம்ம நகரம் பந்தயத் தடம் இல்லை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். இன்றைக்கும் நல்ல மழையில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்கிறது. சாதாரண உயரமுள்ள கார்களே அங்கே நின்றுபோகின்றன. அதில் நாலு விரற்கடை இறக்கிவிட்டால்?

வேகத்தடைக்கும் ஒரு இலக்கணம் உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் வலிக்காமல் ஏறி இறங்கலாம். நம்ம தெருவில் கொத்தனார் மனசுக்குத் தோன்றியபடி ஒரு முழ அகலத்தில் குவித்து வைத்திருப்பதையும், பேவர் பிளாக் முடிந்து கான்கிரீட் தொடங்கும் இடத்தில் இருக்கும் படியையும் எந்த இலக்கணத்தில் சேர்ப்பது?

ஸ்பிரிங்கை வெட்டினால் என்ன ஆகும்

மலிவான வழி, ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுப்பது. அரை நாள் வேலை, சில நூறு ரூபாய். ஆனால் வெட்டிய ஸ்பிரிங் உயரத்தில் மட்டும் குறைவதில்லை, கடினமாகவும் ஆகிறது. வேலை செய்யும் சுற்று ஆறு இருந்து ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும். ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்தது. இரண்டுக்கும் பொருத்தம் போய்விடுகிறது, கார் குதிக்கத் தொடங்குகிறது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டு விலகி 'கடக்' என்று சத்தம் போடும்.

இன்னொன்று, தாழ்த்தினால் வண்டி சாயாது என்பது பாதி உண்மைதான். நம்ம ஊர்ச் சின்னக் கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. ரொம்ப இறக்கினால் கீழே உள்ள லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, புவியீர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடக்கூட, சாய்க்கும் நெம்புகோலும் நீளும். இறக்கிய லாபத்தில் பாதி அங்கேயே போச்சு.

கண்ணுக்குத் தெரியாத கோணம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கார் எவ்வளவு தாழ்ந்தது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதோடு சேர்ந்து சக்கரத்தின் கோணம் மாறியது யாருக்கும் தெரியாது.

மூன்று கோணம். முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பக்கவாட்டில் பார்க்கும்போது பின்னோக்கிச் சாய்ந்திருப்பது கேஸ்டர். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராவது பெரும்பாலும் இதனால்தான். மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களின் மூக்கும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருப்பது டோ. நம் கால் விரல்களை உள்பக்கம் திருப்பி நடப்பதுபோல. தாழ்த்தினால் கேம்பர் உள்நோக்கிச் சாயும். டை ராட் சாய்வு மாறுவதால் டோவும் நகர்ந்துவிடும்.

கேம்பர் கொஞ்சம் கூடினால் டயர் உடனே அழிந்துவிடாது. டயரைத் தின்பது டோதான். ஒரு சின்னக் கணக்கு. ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. மும்பையிலிருந்து திருநெல்வேலி சுமார் 1,600 கி.மீ. அப்படியென்றால் ஊர் போய்ச் சேர்வதற்குள் அந்த டயர் 14 கிலோமீட்டர் பக்கவாட்டில் தேய்ந்திருக்கும். 15 அங்குல ரிம்மில் அரை டிகிரி என்பது மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான், நம் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை!

எங்கள் குடியிருப்பில் ஒரு பையன். நல்ல பையன், நல்ல வேலை. பழைய ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கி, ஒரு கடையில் ஸ்பிரிங்கை வெட்டிக்கொண்டு வந்தான். "அலைன்மென்ட் பார்த்தார்களா தம்பி?" என்றேன். "பார்த்தாச்சு அங்கிள், சலேகா சொன்னாங்க" என்றான். தாள்? தாள் எதுவும் கொடுக்கவில்லையாம். ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பச் சொல்லி, முன் டயரின் உள்விளிம்பை டார்ச் அடித்துக் காட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரி. உள்விளிம்பில் ரப்பர் போய் நூலிழை தெரிந்தது. அந்த டயரோடுதான் புணே எக்ஸ்பிரஸ்வேயில் 100 கி.மீ. வேகத்தில், பின் சீட்டில் பாட்டியோடு போவதாக இருந்தான். பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

தப்பு முழுக்க அவன் மேல் இல்லை. பல சின்னக் கார்களில் கம்பெனி சரிசெய்ய விட்டிருப்பதே முன் டோ ஒன்றைத்தான். கேம்பரைத் திருத்த வேண்டுமானால் தனியாகக் கேம்பர் போல்ட் போட வேண்டும். பின்பக்கம் ஒரே உத்தரமாக இருக்கும் வண்டியில் திருப்ப ஒரு திருகுகூட இருக்காது. ஆக, தாழ்த்திய வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் கடைக்காரர் டோவை மட்டும் திருப்பிவிட்டு 'ஓகே' என்பார். சில இடங்களில் அதுவும் இல்லை.

தாராவியில் ஒரு நூல்

பெரிய மெஷின் இருந்தால்தான் இது நடக்கும் என்று நினைக்காதீர்கள். அந்தப் பையனை தாராவி 90 அடி சாலைப் பக்கம், எனக்குப் பழக்கமான நம்ம நெல்லைக்கார மெக்கானிக் ஒருவரிடம் அழைத்துப் போனேன். காரின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, சக்கர மைய உயரத்தில் இரண்டு நூல்களை ஒன்றுக்கொன்று இணையாகக் கட்டினார். நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கு எவ்வளவு, பின்விளிம்புக்கு எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்தார். வித்தியாசம்தான் டோ. கேம்பருக்குக் கொத்தனார் மாதிரி தூக்குக்குண்டு. சிரிக்காதீர்கள், ரேஸ் குழுக்களும் பந்தயத் தடத்தில் இப்படித்தான் நூல் கட்டி அளக்கிறார்கள். 'நூல் பிடித்த மாதிரி' என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை அந்த மனிதர் நிஜமாகவே செய்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மெஷின் பொய் சொல்லாது. ஆனா வண்டி நிக்கித தரையே கோணலா இருந்தா மெஷின் என்ன செய்யும்?" என்றார் அவர். அந்த ஒரு வரிக்காகவே இன்னொரு டீ வாங்கிக் கொடுக்கலாம் :-)

அவர் வேலை செய்த வரிசையைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும் இதே வரிசைதான்.

முதலில் டயர் காற்றும், புஷ், பால் ஜாயின்ட் ஆட்டமும். ஆட்டமுள்ள வண்டிக்கு அலைன்மென்ட் பார்ப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. அடுத்து உயரம். நான்கு பக்கமும் உயரத்தை முடிவுசெய்த பிறகுதான் கோணம். கோணம் பார்த்தபின் உயரத்தைத் தொட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஆர்ம் புஷ்களின் போல்ட்டை வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு பின்சக்கரம், அதன்பின் முன்சக்கரம். முன்னால் கேஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. எல்லாம் முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஸ்பிரிங் படிந்திருக்கும், இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

இதோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். ஐந்து பேரும் சாமானும் ஏறினால் கார் இன்னும் அமுங்கும். தாழ்த்திய காரில் மேலும் கீழும் ஆட இருக்கும் இடமே கொஞ்சம்தான். அது தீர்ந்ததும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடிக்கும். வளைவில் இடித்தால் டயர் சட்டென்று பிடியை விடும்.

சட்டம் என்ன சொல்கிறது

2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்பை மாற்றும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இப்படி ஏதாவது சொல்லாமல் செய்த மாற்றம் இருக்கிறதா என்றுதான். இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. செலவுக் கணக்கில் இதையும் சேருங்கள் என்கிறேன்.

அப்பாக்களுக்கும் பையன்களுக்கும்

அப்பாக்களே, "இதெல்லாம் என்னடா கூத்து" என்று கத்தினால் பையன் உங்களுக்குத் தெரியாமல் இன்னும் மலிவான கடைக்குப் போவான். கூடப் போங்கள். கடையில் நின்று, வேலைக்கு முன் அளவு, பின் அளவு இரண்டும் அச்சிட்ட தாளைக் கேளுங்கள். தாள் தர யோசிக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

தம்பிகளா, ஆசை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதலில் நல்ல டயர் போடுங்கள், தேய்ந்த ஷாக் அப்சார்பரை மாற்றுங்கள், அலைன்மென்டைச் சரியாக வையுங்கள். அதே பழைய காரை ஒரு நாள் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் தாழ்த்தித் தேடும் சுகத்தில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும், உயரம் ஒரு மில்லிமீட்டர் குறையாமல். அதற்கும் மேல் வேண்டுமென்றால் அந்தக் காருக்கென்றே செய்த ஸ்பிரிங்கும் ஷாக்கும் செட்டாக வாங்குங்கள், அதைத் தடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியை ஊருக்கு அழைத்துப்போக வேறு கார் பாருங்கள், இல்லையென்றால் தாதரில் ரயில் இருக்கிறது.

கார் தாழ்த்தாதவர்களுக்கும் ஒரு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி, எஞ்சினை அணைத்துவிட்டு, முன் டயரின் உள்விளிம்பைக் குனிந்து பாருங்கள். வெளிவிளிம்பும் உள்விளிம்பும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் நிம்மதியாகப் பொங்கலுக்கு ஊர் போகலாம். இல்லையென்றால் முதலில் போக வேண்டிய இடம் அலைன்மென்ட் கடை.