நோட்டீஸ் வந்தால் யாரைப் பார்ப்பது?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். "கவிதை மட்டும் வேண்டாம்பா, ஏற்கெனவே நாற்பது வந்து கிடக்கு" என்ற நிபந்தனையும் போட்டார்கள். அதனால் ஒரு நோட்டீஸைப் பற்றி எழுதுகிறேன். 2025 ஜனவரியில் எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ் அது.

எங்கள் அப்பா டெய்லர். இருபது வருஷம் மெஷின் மிதித்துச் சேர்த்த காசில் 30க்கு 40 மனையில் கீழே ஒரு வீடு, மேலே ஒரு ரூம் கட்டினார். அந்த வீட்டுச் சுவரில் ஒரு தாள். "அனுமதிக்கு மாறாகக் கட்டப்பட்டுள்ளது, அகற்றவும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்." அவ்வளவுதான். எந்தப் பகுதி, எத்தனை மீட்டர் என்று எதுவுமே இல்லை. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையிலேயே ஆலோசனை சொல்ல ஆட்கள் வந்துவிட்டார்கள். கவுன்சிலரைப் பிடிக்கச் சொன்னார் மாமா. ஆபீஸில் தனக்கு ஆள் இருப்பதாகவும், ஒரு தொகை கொடுத்தால் ஃபைல் தூங்கிவிடும் என்றும் சொன்னார் ஒரு புரோக்கர். "கோர்ட்டுல ஸ்டே வாங்கிட்டா பத்து வருஷம் ஓடிரும்" என்றார் கடைக்கு வரும் இன்னொருவர். நான் சிவில் டிப்ளமோ படிக்கிறவன், அப்போது இரண்டாம் ஆண்டு. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம்.

எங்கள் ஆசிரியர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நோட்டீஸைப் படிக்கக்கூட இல்லை. "முதல்ல அளந்துட்டு வா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் டேப் பிடித்தோம். அப்ரூவல் பிளானில் கிழக்குப் பக்கம் 1.5 மீட்டர் திறவிடம். அங்கே நிற்பது 0.9 மீட்டர் அகலத்தில் ஒரு திறந்த மாடிப்படி. எல்லைக்கு மீதி 0.6 மீட்டர். அதற்கு மேலே முதல் மாடியில் ஒரு குளியலறை, சுவரிலிருந்து 1.2 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு. எல்லைக்கு வெறும் 30 சென்டிமீட்டர். அந்தக் குளியலறை பிளானிலேயே இல்லை. மேஸ்திரி "சும்மா ஸ்லாப்ப கொஞ்சம் நீட்டிக்கலாம்ணே" என்றாராம். அப்பா சரி என்றாராம். கதை அவ்வளவுதான்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். மேல்முறையீடு என்றதும் நாம் எல்லோரும் கும்பிடு போடுவதை நினைக்கிறோம், இல்லையென்றால் இழுத்தடிப்பதை நினைக்கிறோம். இரண்டும் தப்பு. அது அளவெடுக்கிற வேலை. எது விதிக்குள் இருக்கிறது, எது இல்லை என்று டேப்பை வைத்துப் பிரித்துக் காட்டுவது. வக்கீலுக்கு முன்னால் அங்கே நிற்க வேண்டியவர்கள் நாம்தான்.

சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56-வது பிரிவு என்று ஒன்று. அனுமதியில்லாத கட்டுமானத்தை அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் அதில் இருக்கிறது. அதே பிரிவிலேயே, நோட்டீஸ் பெற்றவர் கெடுவுக்குள் "இதை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி தாருங்கள்" என்று விண்ணப்பிக்கலாம் என்றும் இருக்கிறது. அந்த விண்ணப்பம் முடிவாகும் வரை நோட்டீஸ் செயல்படாது. ஒரு பகுதிக்கு அனுமதி கிடைத்தால் மீதிப் பகுதிக்கு மட்டும் நோட்டீஸ் உயிரோடிருக்கும். பூட்டி சீல் வைக்கும் நிலைக்குப் போய்விட்டால் 80-ஏ பிரிவின் கீழ் 30 நாளுக்குள் அரசிடம் முறையிடலாம். புரோக்கர் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் பிழைப்பு என்னாவது?

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இடிப்பு நடவடிக்கைகள் பற்றி நாடு முழுவதற்கும் வழிமுறை வகுத்துத் தீர்ப்பளித்தது. முன்கூட்டி நோட்டீஸ் தராமல் இடிக்கக் கூடாது. பதிலளிக்க 15 நாள், உள்ளூர்ச் சட்டம் அதற்கு மேல் தந்தால் அந்த நாள். நோட்டீஸ் பதிவுத் தபாலிலும் வர வேண்டும், கட்டடத்திலும் ஒட்டப்பட வேண்டும். என்ன மீறல், எந்தக் காரணம், எந்த நாளில் நேரடி விசாரணை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பழைய தேதி போட்டு ஏமாற்றாமல் இருக்க, கலெக்டர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் போக வேண்டும். இறுதி உத்தரவு வந்த பிறகும் 15 நாள் பொறுக்க வேண்டும். ஆனால் சாலை, நடைபாதை போன்ற பொது இடத்திலோ, ரயில் பாதை ஓரத்திலோ, நீர்நிலையிலோ கட்டியவர்களுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்ன கட்டடங்களுக்கும் இது பொருந்தாது. ஏரிக்குள் வீடு கட்டிவிட்டு இந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

எங்களுக்கு ஒட்டிய தாளில் மீறலின் அளவும் இல்லை, விசாரணை நாளும் இல்லை. தபாலும் வரவில்லை. அதை முதல் பத்தியில் எழுதினோம். ஆனால் அதோடு நிறுத்தியிருந்தால் நாங்களும் இழுத்தடிக்கிற கூட்டம்தானே? இரண்டாம் பத்தியில் உண்மையைச் சொன்னோம். உள்ளது உள்ளபடி ஒரு படம் வரைந்தேன், பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். திறவிடத்தில் காம்பவுண்டு சுவர், சன்ஷேடு, திறந்த படி மாதிரி சிலவற்றை, எல்லைக்கு உரிய தூரம் விட்டிருந்தால், 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அனுமதிக்கின்றன. ஆகவே படி இருக்கட்டும், குளியலறையை நாங்களே எடுத்துவிடுகிறோம் என்று எழுதினோம்.

அப்பா சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம காச நாமளே இடிக்கிறதா? எவன் கண்ணுல பட்டுதுன்னு இந்தக் கம்ப்ளெயின்ட்?" என்று மூன்று நாள் கத்தினார். கம்ப்ளெயின்ட் கொடுத்தது யார் என்று எங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பாட்டி. அம்மா அவரோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

நான் ஒருநாள் போனேன். திட்டுவார் என்று பயந்துகொண்டேதான் போனேன். "வா சாமி" என்று அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு லைட் போட்டிருந்தது. ஜன்னலைத் திறந்து காட்டினார். எங்கள் குளியலறையின் அடிப்பக்கம், கை நீட்டினால் தொடலாம். மழை பெய்தால் தண்ணீர் அவர் சுவரில்தான் வடிகிறது, சுவர் பூத்துப் போயிருந்தது. "உங்கப்பன்கிட்ட ரெண்டு வாட்டி சொன்னேன் சாமி, காதுல வாங்கல" என்றார். 1.5 மீட்டர் ஏன் விட வேண்டும் என்று பரீட்சையில் வெளிச்சம், காற்று, தீத்தடுப்பு என்று எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கியவன் நான். அது என்னவென்று அந்த அடுப்படியில்தான் பார்த்தேன்.

விசாரணை பத்து நிமிஷம்தான் நடந்தது. அதிகாரி படத்தைப் பார்த்தார், ஆள் அனுப்பி அளந்தார். படிக்கட்டுக்கு அனுமதி கிடைத்தது. குளியலறையை அகற்ற ஒரு மாதம். அதற்குள் அப்பாவே ஆள் வைத்து எடுத்துவிட்டார்.

"பெரிய கட்டடக்காரன் எல்லாம் தப்பிச்சுக்கிறான், டெய்லர் மட்டும் இடிக்கணுமா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியவற்றைக் கட்டணம் வாங்கி வரன்முறை செய்ய 113-ஏ என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு தடவை என்பதால்தான் 2000-த்தில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பிறகு கெடு தேதி வருஷா வருஷம் நகர்ந்தது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. அப்புறம் 113-சி வந்து, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு இன்னொரு வாசல் திறந்தது. காத்திருந்தால் மன்னிப்பு வரும் என்று ஊருக்கே பாடம் நடத்தியாகிவிட்டது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் பாட்டியின் அடுப்படி இருட்டுக்கு அது பதிலாகுமா?

இனி ஒரு சுயவிமர்சனம். நம்மில் பலர் பாக்கெட் மணிக்காக ஆட்டோகேட் வரைகிறோம். நானும் ஒரு ஆபீஸில் வரைந்தேன். அப்ரூவலுக்கு ஒரு படம், சைட்டுக்கு ஒரு படம். முதல் படத்தில் திறவிடம் அழகாக இருக்கும், இரண்டாவதில் அது போர்ட்டிகோவாகவோ பாத்ரூமாகவோ மாறியிருக்கும். ஒரு படத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டேன். எத்தனை வீட்டுக்கு நோட்டீஸ் வரப்போகிறதோ! 2500 சதுர அடி மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது. யாரும் முன்கூட்டி வந்து அளக்காமலேயே அனுமதி கிடைக்கிற இந்தத் திட்டத்தில் படம் பொய்யானால் மாட்டுவது வீட்டுக்காரர்தான்.

நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சிவில் மாணவர்கள் நாலு பேர் டேப்போடு உட்காரட்டும். நோட்டீஸ் வந்தவர்கள் வரட்டும். நாம் கையெழுத்துப் போட முடியாது, ஆனால் அளந்து, உள்ளபடி படம் வரைந்து, கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று சொல்லி அனுப்பலாம். புரோக்கர் வீட்டு வாசலுக்குப் போகிற கூட்டம் பாதியாவது குறையும்.

போன மாதம் அந்த ஆபீஸிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். அதே 30க்கு 40. "தம்பி, அப்ரூவலுக்கு ஒண்ணு, சைட்டுக்கு ஒண்ணு" என்றார் அண்ணன். "ஒண்ணுதான்ணே வரைவேன்" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தார். இன்னும் கூப்பிடவில்லை.