கேப்டன் சட்டை மஞ்சளா, பச்சையா?

'ஸ்டார் டிரெக்' தொடரின் கேப்டன் கிர்க் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்? 1966 முதல் 1969 வரை மூன்று சீசன் ஓடிய விண்வெளித் தொடர் அது. பார்த்தவர்கள் மஞ்சள் என்பார்கள். தைத்த துணியோ பச்சை. உடைகளை வடிவமைத்த வில்லியம் வேர் தீஸ் எடுத்தது பட்டர் ஃப்ரூட் பச்சை நிற வெலூர். ஸ்டுடியோ விளக்கிலும் பிலிமிலும் அது மஞ்சளாக விழுந்துவிட்டது. அதே கேப்டனின் விழாச் சட்டை வேறு துணி என்பதால், பச்சையாகவே தெரிந்தது. ஒரே பதவி, ஒரே கப்பல், இரண்டு நிறம்.

வெலூருக்கு இன்னொரு தொல்லை: சலவைக்குப் போய் வரும்போதெல்லாம் சுருங்கியது. மூன்றாம் சீசனில் நைலானுக்கு மாறினார்கள். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வெள்ளைக் கவச வீரர்களுக்கும் இப்படி ஒரே உடையில் இரண்டு வகை உண்டு. குளோசப்புக்கான தலைக்கவசத்தில் கண் பகுதிக் கண்ணாடி புடைத்திருக்கும். சண்டைக் காட்சிக்கானதில் தட்டையாக இருக்கும்.

பண்ணைப்புரத்தில் எனக்குச் சட்டை தைக்கும் டெய்லரிடம் கிர்க்கின் பழைய சட்டை, புதிய சட்டை இரண்டின் படத்தையும் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். "வெட்டு கிட்டத்தட்ட ஒண்ணுதான் தம்பி. துணி மாறிருச்சு. மொதத் துணி இழுத்த இழுப்புக்கு வரும், இது வெறப்பா நிக்கும்" என்றார். சுருங்கிய கதையைச் சொன்னேன். "நனைச்சுக் காயப்போட்டு வெட்டிருக்கணும். அவசரம்னா யாரு காயப்போடுறா?"

மேஜைமேல் ஒரே பள்ளியின் இரண்டு யூனிஃபார்ம் சட்டைகள் கிடந்தன. பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று லேசாக வெளிறியிருந்தது. பாக்கெட்டும் அரை இஞ்ச் இறங்கியிருந்தது. "ஒரே தானுல வெட்டுனாத்தான் நெறம் ஒண்ணா நிக்கும். இது வேற தான், வேற கை."

திரையில் தெரியும் வேறுபாடும் இதுதான். அதைப் பிழை என்று எண்ணிக் கழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. துணி, வெளிச்சம், சலவை, அவசரம், தைத்த கை என ஒவ்வொன்றும் அந்தத் தையலில் பதிந்திருக்கிறது. எதிர்கால உலகத்தை நிகழ்காலத் தையல்காரர்தான் தைக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி.

நமக்கும் இந்த விண்வெளிக் கதை வரலாறு உண்டு. 'ஸ்டார் டிரெக்'குக்கு மூன்றாண்டு முன்பே, 1963-இல், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்தது. வேற்றுக்கிரகத்தார் பாட்டுக்காரியைத் தேடிப் பூமிக்கு வரும் கதை. 2018-இல் 'டிக் டிக் டிக்' விண்வெளிக்கே போனது. இந்தப் படங்களின் கதையையும் கிராபிக்ஸையும் பேசுகிறோம். வீரர்களின் உடையில் ஜிப் எங்கே ஒளிந்திருக்கிறது, தோள் எப்படி ஏறியிருக்கிறது என்று பேசுவதில்லை.

என் டெய்லர் இருக்கும் பண்ணைப்புரம் இளையராஜா பிறந்த ஊர். ஒரு பாட்டில் வயலின் எங்கே எழுகிறது, பேஸ் கிடார் எப்படி நகர்கிறது என்று பிரித்துக் கேட்க நம் காது பழகியது அவரால். வாசித்தவர்களின் பெயரைத் தேடிப்போகும் ரசிகர்களும் இருக்கிறார்கள். அந்தக் கவனத்தில் ஒரு பங்கு தையலுக்கும் சேர வேண்டும்.

அடுத்து தமிழில் எந்த விண்கலம் கிளம்பினாலும், கட்டிங் மாஸ்டரின் பெயர் டைட்டிலில் வரட்டும். வெட்டிய பேப்பர் பேட்டர்னும் ஒரு முழம் துணியும் படச்சுருளுக்குச் சமமாகப் பாதுகாக்கப்படட்டும்.