கடற்கோட்டையின் தண்ணீரும் மருந்துக் குப்பியும்

கணினி விளையாட்டில் சண்டைக்குப் போகும் வீரனின் பையில் மருந்துக் குப்பிகள் இருக்கும். காயம் பட்டால் ஒன்றைக் குடிப்பான், இழந்த உயிர்பலம் ஏறும், குப்பி தீர்ந்துபோகும். இவற்றை எத்தனை கொடுப்பது, சண்டையின் நடுவே எப்போது குடிக்க விடுவது என்பது விளையாட்டை வடிவமைப்போருக்குத் தீராத தலைவலி. அதற்கு விடை தேடுவோர் ஒருமுறை ஊர்காவற்துறைக்குப் போய்வரலாம் என்பது என் கட்சி.

ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் இடையே, கடலின் நடுவில் நிற்கிறது ஹம்மன்ஹீல் கோட்டை. ஊரவர் வாயில் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது. 1658 மார்ச்சில் ஒல்லாந்தர் இதை முற்றுகையிட்டனர். சுற்றிவரத் தண்ணீர், அத்தனையும் உப்பு. உள்ளே இருந்தவர்களுக்கு நன்னீர் கிடைக்கும் வழி அடைபட்டது. இரண்டு வாரத்தில் கோட்டை கைமாறியது. யாழ்ப்பாணக் கோட்டை ஜூன் வரை தாக்குப்பிடித்தது. அங்கேயும் பீரங்கியோடு பசியும் நோயும் சேர்ந்தே வேலை செய்தன.

முற்றுகையில் இருப்பவன் ஒருநாள் சண்டையிடாமல் சும்மா இருந்தாலும் தண்ணீர் குறையும். நாளைக்கென்று முழுவதையும் பொத்திவைக்க முடியாது. இன்றைக்கே நா வரண்டுவிடும். விளையாட்டுக் குப்பியோ கெடாது, வற்றாது, எத்தனை நாளும் பையில் கிடக்கும். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. 'ஃபைனல் ஃபேன்டசி' ஆடியவர்களைக் கேளுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து வரும் என்று அரிய மருந்தைக் கடைசிவரை தொடாமல் வைத்திருந்து, நிறைந்த பையோடு ஆட்டத்தை முடித்தவர்கள் அநேகர். எங்கள் வீடுகளில் அலுமாரியிலேயே மடித்தபடி கிடந்து நைந்துபோகும் கூறைச்சேலை மாதிரி! மறுகரையில், 2000இல் வந்த 'டயப்லோ 2'. இடுப்புப் பட்டியில் குப்பிகளை அடுக்கிக்கொண்டு அடுத்தடுத்துக் குடித்தபடியே வெட்டலாம். அங்கே சண்டை முக்கால்வாசி பணப்பையின் சண்டை.

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2008இல் ஒரு சண்டைக்கு ஒரு குப்பி என்று விதித்தது. பலன் தரும் விதிதான். ஆனால் அது நீதவான் கட்டளை, களத்தின் நியாயமல்ல. 2011இன் 'டார்க் சோல்ஸ்' எனக்கு அதிகம் பிடிக்கிறது. தீமூட்டிய இடத்தில் இளைப்பாறினால் குடுவை மறுபடி நிறையும். கொன்ற எதிரிகளிற் பெரும்பாலோரும் மறுபடி எழுந்து நிற்பர். குடிக்கவும் சில கணங்கள் செல்லும். அதற்குள் வாள் வந்து விழலாம். சேமித்துவைப்பதில் லாபமில்லை, வாரி இறைக்கவும் வழியில்லை.

அளந்து செலவழிக்க எங்கள் சனத்துக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் எரிந்தது ஜாம்போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், பஞ்சு, ஒரு சிறு திரி. வெளிச்சம் சிறிது; ஆனால் பிள்ளைகள் அதில் இரவிரவாகப் படித்தார்கள். மண்ணெண்ணெயைப் பூட்டிவைத்தவர் இருட்டில் இருந்தார், அவ்வளவுதான்.

புலம்பெயர்ந்த நாடுகளில் விளையாட்டு மென்பொருள் எழுதும் எங்கள் இளைஞர்கள் ஐரோப்பியக் கோட்டைகளையே ஏன் வரைந்துகொண்டிருக்க வேண்டும்? கடற்கோட்டையை எடுங்கள். ஒரே ஒரு தண்ணீர்த்தொட்டி. பொழுது சாயும்போதெல்லாம் மட்டம் இறங்கட்டும். வெயிலில் மதிலில் நிற்பவனுக்குக் கூடுதலாக ஒரு குவளை. கொடுக்காவிட்டால் அவன் குறி தவறட்டும். இருட்டியதும் கரைக்கு ஒரு வள்ளம் விட்டுப் பார்க்கலாம். போனவர்கள் திரும்பாவிட்டால் காவலுக்கு ஆள் குறையும். குடிக்கும் வாயும் குறையும்.