பன்னிரண்டு வயதோடு நின்றுபோகும் ஆட்டம்



2019ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் திகதி. இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்திலுள்ள லூதியானா நகரிலே மகளிர் தேசிய உதைபந்தாட்ட லீக்கின் இறுதியாட்டம் நடந்தது. ஒரு பக்கம் மணிப்பூர் பொலிஸ் அணி. மணிப்பூரில் பெண்கள் பந்து உதைப்பது புதினமல்ல. 2017இல் இந்த லீக்கின் முதலாவது கிண்ணத்தைக் கொண்டுபோனதும் மணிப்பூர்க் கழகமொன்றுதான். மறுபக்கம் மதுரையின் சேது கழகம். ஆட்டம் முடிந்தபோது 3–1 என்ற கணக்கில் சேது வென்றிருந்தது. தமிழ்நாட்டுக் கழகமொன்று அந்தக் கிண்ணத்தை ஏந்தியது அதுவே முதற் தடவை.

சேது அணிக்காக ஆடியவர்களில் கடலூர் இந்துமதி கதிரேசனும் ஒருவர். ஆட்டத்திறனே அவருக்குப் பொலிஸ் உத்தியோகத்தையும் தேடிக் கொடுத்தது. 2020இல் கொரோனாவால் ஊரெல்லாம் முடங்கிக் கிடந்தபோது அவர் சென்னை வீதிகளில் உப பொலிஸ் பரிசோதகராகக் கடமையில் நின்றார். அதே அணியின் நேபாள நாட்டு சபித்ரா பண்டாரி, பின்னாளில் பிரான்சின் முதற்தரக் கழகமொன்றுக்கே ஆடச் சென்றார்.

"இதெல்லாம் நமக்கெதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊர்களைச் சற்றுப் பாருங்கள். அஸர் தொழுகை முடிந்தால் கல்முனை சந்தாங்கேணி மைதானத்திலும், மருதமுனை, நிந்தவூர் கடற்கரை மணலிலும் நம் ஆண்பிள்ளைகள் பந்தோடு நிற்கிறார்கள். சிறுவயதில் தங்கச்சியும் நானாவோடு சேர்ந்து ஓடுகிறாள். பன்னிரண்டு வயதானதும், "இனிப் போதும் மகள், உள்ளுக்கு வாங்க" என்று ஒரு குரல் கேட்கிறது. அநேகமாக அது உம்மாவின் குரல்தான்.

காரணம் கேட்டால் முதலில் உடுப்பைச் சொல்கிறோம். ஒரு காலத்தில் அது உண்மையான தடையாகவே இருந்தது. 2011 ஜூனில் ஜோர்தானின் அம்மான் நகரில், ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்திற்கு வந்த ஈரானியப் பெண்கள் தலையை மூடியிருந்தார்கள் என்பதற்காக ஆட அனுமதிக்கப்படவில்லை. அந்தத் தடையை நீக்க ஜோர்தான் இளவரசர் அலி பின் ஹுசைன் முன்னின்று வாதாடினார். 2012இல் பரீட்சார்த்தமாக அனுமதி கிடைத்தது. 2014 மார்ச்சில் அது விதியாகவே ஆனது. 2023 ஜூலை 30ஆம் திகதி மொரோக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபுடன் உலகக் கிண்ணத்தில் ஆடினார். அன்று மொரோக்கோ தென்கொரியாவை 1–0 என வென்றது.

ஆகவே உடுப்பின் கதவு திறந்துவிட்டது. மிஞ்சியிருப்பவை இடம், நேரம், கற்றுக்கொடுக்க ஒருவர் என்ற மூன்றும்தான். ஆண்கள் கூடி நிற்கும் வெளியிலே பிள்ளையை விடத் தயங்கும் தாயைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மதில் சூழ்ந்த பெண்கள் பாடசாலை முற்றம் இருக்கிறதே! அங்கே ஓர் ஆசிரியையின் மேற்பார்வையில், வாரத்தில் இரண்டு நாள், மஃரிபுக்கு முன் வீடு திரும்பும்படி ஆட ஒழுங்கு செய்ய முடியாதா? பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகிறோம், கையெழுத்து வைக்கிறோம், வருகிறோம். அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் கிண்ணம் வெல்லப் போவதில்லை. வெல்லவும் தேவையில்லை. சீனி வருத்தத்துக்கும் முழங்கால் வலிக்கும் கிளினிக் வரிசையில் காத்திருக்கும் நமக்கு, ஓடாமல் இருந்த உடம்பின் விலை தெரியும். அந்த விலையை நம் மகள்மாரும் கொடுக்க வேண்டுமா?

இன்று அஸருக்குப் பின் உங்கள் மகள் வாசற்படியில் நின்று நானாவின் ஆட்டத்தைப் பார்த்துக் கொண்டிருந்தால், அவளிடம் ஒன்று கேளுங்கள்: "உங்களுக்கும் விளையாட ஆசையா, மகள்?"